பிரைட்டன் சாலையில் பழைய கார்கள்

உலகில் இன்றும் நடந்துவரும் மோட்டார் நிகழ்ச்சிகளில் மூத்தது என்று சொல்லப்படுவது லண்டன்–பிரைட்டன் ஓட்டம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பொழுது புலரும் நேரத்தில், லண்டன் ஹைட் பூங்காவிலிருந்து பழைய மோட்டார் வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. எல்லாமே 1904 முடிவதற்குள் செய்யப்பட்டவை. ஏறத்தாழ 60 மைல் ஓடியபின், தெற்கே உள்ள பிரைட்டன் கடற்கரையில் பயணம் முடிகிறது. இந்தப் பழைய கார் ஓட்டம் 1927-இல் ஒரு பத்திரிகையின் விளம்பரத்துக்காகத் தொடங்கியது. அது நினைவுகூர்ந்த 1896-ஆம் ஆண்டு ஓட்டமும் விளம்பரத்துக்காக நடந்ததுதான். 1896-இல் கம்பெனிப் பங்குகளை விற்க வேண்டியிருந்தது, 1927-இல் பத்திரிகையை.

1896-இல் கொண்டாட வேண்டியது என்ன இருந்தது என்பதை அறிய, அதற்கு முப்பது ஆண்டு முந்தைய சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டனில் 1865-இல் இயற்றப்பட்ட லோகோமோட்டிவ் சட்டம், சாலையில் தானாக ஓடும் எந்த வண்டியையும் நீராவி எஞ்சினாகவே கருதியது. அப்போது சாலையில் இருந்தவையும் அவைதான்: பல டன் எடையுள்ள, புகை கக்கும், குதிரைகளை மிரளவைக்கும் இழுவை எஞ்சின்கள். நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று வேகம் வரையறுக்கப்பட்டது. ஒரு வண்டிக்கு மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் சிவப்புக் கொடியுடன் 60 கஜம் முன்னால் நடந்து போக வேண்டும். 1878-இல் வந்த திருத்தம் கொடியைக் கட்டாயமில்லை என்றாக்கி, 60 கஜத்தை 20 ஆகக் குறைத்தது. முன்னால் நடக்கும் ஆள் மட்டும் போகவில்லை. குதிரையைக் கண்டால் வண்டி நின்றுவிட வேண்டும் என்ற விதியும் புதிதாகச் சேர்ந்தது.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸும் காட்லீப் டைம்லரும் பெட்ரோல் வண்டிகளை உருவாக்கிய 1880-களின் நடுவிலும், பிரான்சில் பனார், பியூஜோ போன்ற நிறுவனங்கள் அவற்றை விற்கத் தொடங்கிய 1890-களிலும் பிரிட்டனில் இந்தச் சட்டமே நடப்பில் இருந்தது. இரண்டு பேர் உட்காரும் இலேசான வண்டிக்கும் பல டன் நீராவி எஞ்சினுக்கும் ஒரே விதி. தொழில் வளர்ச்சியில் உலகுக்கே முன்னோடி என்று பெயர் வாங்கிய நாடு மோட்டார் வண்டியில் பின்தங்கியதற்கு இந்தச் சட்டம்தான் காரணம் என்று பலரும் சொன்னார்கள். அது முழு உண்மையல்ல. ரயில் பாதைகள் நாடெங்கும் நெருக்கமாக ஓடியதும் ஒரு காரணம். ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்த தடை சட்டம்தான்.

அதை மீறிப் பார்க்கத் துணிந்தவர்களும் இருந்தார்கள். 1895 ஜூலையில் எவலின் எல்லிஸ் என்ற செல்வந்தர் பிரான்சிலிருந்து வரவழைத்த பனார் வண்டியை மிச்சல்டெவர் ரயில் நிலையத்திலிருந்து டாட்செட் ஊரிலிருந்த தம் வீட்டுக்கு 56 மைல் ஓட்டிக்கொண்டு போனார். முன்னால் யாரும் நடக்கவில்லை; வழியில் எந்தக் காவலரும் மறிக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் சர் டேவிட் சாலமன்ஸ், தாம் வசித்த டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் குதிரையில்லா வண்டிகளை மக்கள் பார்வைக்கு ஓட்டிக் காட்டினார். பிரிட்டனின் முதல் மோட்டார் கண்காட்சி அது. மூன்று மாதம் கழித்து, 1896 ஜனவரியில், கென்ட் மாவட்டத்துப் பேடக் வுட் ஊர் வழியே வால்டர் ஆர்னல்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த உள்ளூர்க் காவலர் எழுந்து சைக்கிளில் ஐந்து மைல் துரத்திப் பிடித்தார். அதிவேகத்துக்காக ஒரு ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. மோட்டார் வண்டி வரலாற்றில் அதிவேகத்துக்குத் தண்டனை பெற்ற முதல் ஓட்டுநர் என்று ஆர்னல்டைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஆர்னல்ட் பென்ஸ் வண்டிகளை விற்பவர் என்பதால், அந்த ஒரு ஷில்லிங் நல்ல முதலீடாகவே அமைந்தது.

சட்டம் மாறும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து அதில் பணம் போட்டவர் ஹாரி ஜான் லாசன். சைக்கிள் வடிவமைப்பில் இவருக்கு உண்மையான பங்கு உண்டு; பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் சைக்கிள் ஒன்றுக்கு 1879-லேயே காப்புரிமை வாங்கியவர். ஆனால் அவருடைய திறமை முழுமையாக வெளிப்பட்டது கம்பெனி தொடங்கிப் பங்கு விற்பதில்தான். டைம்லர் எஞ்சினுக்கான பிரிட்டிஷ் உரிமையைக் கையில் வைத்திருந்த ஃபிரெடெரிக் சிம்ஸிடமிருந்து அதை வாங்கி, 1896 ஜனவரியில் டைம்லர் மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். அதோடு நிற்காமல், அகப்பட்ட மோட்டார் காப்புரிமைகளை எல்லாம் வளைத்துப் போட்டார். எட்வர்ட் ஜோயல் பென்னிங்டன் என்ற அமெரிக்கர் தம் கண்டுபிடிப்புகளை அவர் தலையில் கட்டியது 1,00,000 பவுனுக்கு. அவற்றில் பெரும்பாலானவை ஒழுங்காக ஓடவே இல்லை. பிரிட்டனில் யார் கார் செய்தாலும் தமக்குக் காசு கட்ட வேண்டும் என்பதே லாசனின் திட்டம். ஆலையில் வண்டி தயாராகும் முன்பே பங்குகள் விற்பனைக்கு வந்துவிட்டன.

1896 ஆகஸ்ட் 14 அன்று நெடுஞ்சாலை லோகோமோட்டிவ் சட்டம் ஒப்புதல் பெற்றது. 3 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள வண்டிகளுக்கு முன்னால் நடக்கும் ஆள் இனி வேண்டாம். வேக உச்சவரம்பு மணிக்கு 14 மைல் என்று சட்டம் சொன்னது. உள்ளாட்சி வாரியம் தன் அதிகாரத்தைக் கொண்டு அதை 12 ஆகக் குறைத்தது. சட்டம் நடப்புக்கு வரும் நாள் நவம்பர் 14, சனிக்கிழமை. அன்றே லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வண்டிகள் ஊர்வலமாகப் போகும் என்று லாசனின் மோட்டார் கார் கிளப் அறிவித்தது. ‘விடுதலை ஓட்டம்’ என்று அதற்குப் பெயர்.

பிரைட்டனைத் தேர்ந்தெடுத்ததில் சூட்சுமம் இருந்தது. லண்டன்வாசிகளின் உல்லாச நகரம் அது. அதைவிட முக்கியம், அந்தச் சாலை வேகப் பந்தயங்களுக்குப் பேர்போனது. குதிரை வண்டிகளும், 1869 முதல் சைக்கிள்களும் அதில் சாதனை படைத்து வந்தன. 1888 ஜூலையில் ஜேம்ஸ் செல்பி என்ற கோச் வண்டி ஓட்டுநர், 1,000 பவுன் பந்தயத்துக்காக லண்டனிலிருந்து பிரைட்டன் போய்த் திரும்பினார். வழியில் மீண்டும் மீண்டும் குதிரைகளை மாற்றி, 108 மைலை 7 மணி 50 நிமிடத்தில் முடித்தார். சராசரி மணிக்கு 14 மைலுக்குச் சற்றுக் குறைவு. ஆக, 1896-இல் விடுதலை பெற்ற மோட்டார் வண்டி சட்டப்படி போகக்கூடிய உச்ச வேகம், எட்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு குதிரை வண்டி நாள் முழுக்க ஓடிய சராசரி வேகத்தை எட்டவில்லை.

நவம்பர் 14 குளிரும் ஈரமுமாக விடிந்தது. சாரிங் கிராஸ் ஹோட்டலில் காலை விருந்து. அங்கே வின்சில்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியை எல்லார் முன்னிலையிலும் கிழித்துப் போட்டார். நாடு தழுவிய கட்டாயம் என்ற நிலையை அந்தக் கொடி இழந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தது. ஆனால் நடந்து போகும் ஆளைக் கிழித்துப் போட முடியாதே. பிறகு மெட்ரோபோல் ஹோட்டல் வாசலிலிருந்து வண்டிகள் புறப்பட்டன. அதே பெயருள்ள பிரைட்டன் ஹோட்டலில் இரவு விருந்துக்கு ஏற்பாடாகியிருந்தது. லாசன் கப்பல் அதிகாரியைப் போன்ற சீருடையில் முன்னால் சென்றார். ஜெர்மனியிலிருந்து வந்த காட்லீப் டைம்லரும் அன்றைய கூட்டத்தில் இருந்தார்.

லண்டன் தெருக்களில் கூட்டம் நெருக்கியடித்ததால், நகரத்தைத் தாண்டுவதே முதல் சோதனையாக இருந்தது. ஊர் எல்லை கடந்ததும் ஊர்வலம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. வேகமான வண்டிகள் விதியை மறந்து பறந்தன. மற்றவை ஏற்றங்களில் நின்றன. ரீகேட் ஊரில் மதிய உணவு. மழையில் தோல் பட்டைகள் நனைந்து வழுக்கின. சக்கரங்கள் சேற்றில் உழன்றன. முதலில் பிரைட்டனை எட்டியவை பிரான்சின் லியோன் பொல்லே செய்த மூன்று சக்கர வண்டிகள். அமெரிக்காவின் துரியா நிறுவனமோ தன் வண்டிதான் முதலில் வந்தது என்று பின்னர் விளம்பரம் செய்துகொண்டது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி, புறப்பட்டவை 33, போய்ச் சேர்ந்தவை 17. அந்தப் பதினேழிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மின்கல வண்டி ஒன்று ரயிலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டு, பிரைட்டனில் இறக்கியதும் சேறு பூசப்பட்டு ஊர்வலத்தில் சேர்ந்தது என்று அப்போதே பேச்சு. அன்றைய மின்கலத்தை வைத்து 54 மைல் ஓடியிருக்க முடியாது என்பதால் அந்தப் பேச்சை வதந்தி என்று எளிதில் தள்ளிவிடவும் முடியவில்லை.

லாசனின் கோட்டை நெடுநாள் நிற்கவில்லை. அவர் வாங்கிக் குவித்த காப்புரிமைகள் நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக வலுவிழந்தன. 1904-இல் பங்கு மோசடி வழக்கில் ஓராண்டு கடுங்காவல் தண்டனை பெற்றார். 1925-இல் இறந்தபோது அவரை நினைத்தவர்கள் மிகக் குறைவு. லாசனோடு முறித்துக்கொண்ட சிம்ஸ், 1897-இல் கிரேட் பிரிட்டன் ஆட்டோமொபைல் கிளப்பைத் தொடங்கிவைத்தார். 1907-இல் அது ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆயிற்று. பிற்காலத்தில் பிரைட்டன் ஓட்டம் வந்து சேர்ந்த கை அதுதான்.

இதற்கிடையே பிரைட்டன் சாலைக்கு வேறொரு பெயரும் கிடைத்தது. 1903-ஆம் ஆண்டுச் சட்டம் வேக வரம்பை 20 மைலாக உயர்த்தி, 1904 தொடக்கம் முதல் வண்டிகளுக்குப் பதிவெண் பலகையைக் கட்டாயமாக்கியது. உயர்ந்த வரம்பும் ஓட்டுநர்களுக்குப் போதவில்லை. புதர் மறைவில் நின்று கடிகாரம் வைத்து வேகத்தைக் கணக்கிடும் காவலர்கள் இந்தச் சாலையில் பெருகினார்கள். அவர்கள் நிற்கும் இடத்தை ஓட்டுநர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல, சைக்கிளில் ஆட்களை அனுப்பிய அமைப்புதான் 1905-இல் உருவான ஆட்டோமொபைல் அசோசியேஷன். பின்னாளில் நடுவழியில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவும் கண்ணியமான சேவை என்று பெயரெடுத்த அந்த நிறுவனம், போலீசுக்குத் தண்ணி காட்டும் வேலையில்தான் பிறந்தது.

அந்தக் கால வண்டிகளின் கதி வேறு. மோட்டார் தொழில்நுட்பம் அப்போது மாறிய வேகத்தில், ஐந்து வயதான கார் கிழடு. பத்து வயதானது காயலான் கடைக்கு. 1901-இல் ஜெர்மனியின் டைம்லர் ஆலையிலிருந்து வெளிவந்த மெர்சிடிஸ் பழைய வடிவங்களை எல்லாம் ஒரே அடியில் காலாவதியாக்கியது. தாழ்ந்த சட்டகம், முன்னால் எஞ்சின், தேன்கூட்டு ரேடியேட்டர், சாய்ந்த ஸ்டியரிங் என்று அது வகுத்த வடிவத்தையே மற்றவர்கள் பின்பற்றினார்கள். அதற்கு முந்தையவை கொட்டகைகளிலும் குதிரை லாயங்களிலும் ஒதுங்கின. எஞ்சினை மட்டும் கழற்றி நீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் பயன்படுத்தியவர்கள் உண்டு. முதல் உலகப் போரின் உலோகப் பசிக்கும் பல இரையாயின. எஞ்சியவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் பெரிதாக எழவில்லை. சாரட்டு வண்டிக்கு இருந்த மதிப்பு பழைய காருக்கு அப்போது இல்லை. சாரட்டு போன தலைமுறையின் பெருமை, பழைய கார் போன வருடத்துத் தோல்வி.

1927-இல் ‘டெய்லி ஸ்கெட்ச்’ பத்திரிகை, பழைய கார்களைக் கூட்டிப் பிரைட்டனுக்கு ஓட்டிச் செல்லலாம் என்று அழைப்பு விடுத்தது இந்தச் சூழலில்தான். 1896-இன் நினைவு விழா என்று பெயர் இருந்தாலும் வேடிக்கைக்கே முதலிடம். ‘ஓட்டை வண்டிகளின் ஓட்டம்’ என்ற பொருளில் மக்கள் வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய மீசை ஒட்டிக்கொண்டும், பாட்டன் காலத்து உடுப்பை மாட்டிக்கொண்டும் சிலர் வண்டி ஓட்டினார்கள். எந்த வண்டி எந்த ஏற்றத்தில் நிற்கும், எது புகை கக்கும் என்று பார்க்கவே கூட்டம் கூடியது. வழியில் நின்ற வண்டிக்குக் கிடைத்த கைதட்டல் ஓடிய வண்டிக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் ‘ஆட்டோகார்’ என்ற மோட்டார் இதழும் இதில் ஈடுபட்டது. பழைய வண்டி ஒன்று வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறதே என்று பலருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கேலிக்காகத் தொடங்கிய நிகழ்ச்சி கொட்டகைகளைத் திறக்கவைத்தது.

கேலி செய்யப்பட்ட வண்டிகளை ஓட்டியவர்களில் சிலர் விளையாட்டுக்கு வந்தவர்கள் அல்லர். ‘ஆட்டோகார்’ இதழின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் எஸ். சி. எச். டேவிஸ் அவர்களில் ஒருவர். 1927 ஜூனில் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில், இரவில் நடந்த பெரும் மோதலில் வளைந்து நெளிந்துபோன பென்ட்லி காரை விடாமல் ஓட்டி, டாக்டர் பெஞ்சஃபீல்டுடன் சேர்ந்து வென்றவர். அந்நாளின் அதிவேக வண்டிகளை ஓட்டிய அதே கை, பிரைட்டன் சாலையில் பீல்சபப் என்று சாத்தானின் பெயர் சூட்டிய லியோன் பொல்லே மூன்று சக்கர வண்டியைப் பிடித்தது. 1930-ஆம் ஆண்டு ஓட்டம் முடிந்ததும் பிரைட்டனின் ஓல்ட் ஷிப் ஹோட்டலில் டேவிஸும் நண்பர்களான ஜாக்கி மாஸ்டர்ஸ், ஜாக் வைலி ஆகியோரும் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த யோசனைதான் வெட்டரன் கார் கிளப். பழைய மோட்டார் வண்டிகளைக் காப்பதற்கென்று ஏற்பட்ட அமைப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஒட்டு மீசையையும் கோமாளி வேடத்தையும் அது ஊக்குவிக்கவில்லை; பட்டப்பெயரை வெறுத்தது.

அதே 1930-இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஓட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றது. அதே ஆண்டுதான் பிரிட்டன் நாடாளுமன்றம் கார்களுக்கான 20 மைல் வேக வரம்பையும் நீக்கிச் சட்டம் இயற்றியது. இன்று ஓட்டத்தின் விதிப்படி எந்த வண்டியும் சராசரியாக மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாது. நாடு கைவிட்ட வரம்பைப் பழைய கார்க்காரர்கள் தாங்களாகவே சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

எது பழைய கார் என்ற கேள்வி வெட்டரன் கார் கிளப்புக்கு விரைவிலேயே தலைவலியானது. 1904 டிசம்பர் 31 என்று கோடு கிழித்தாயிற்று. மோட்டார் வண்டியின் சோதனைக் காலம் முடிந்து, வடிவம் நிலைபெறத் தொடங்கிய கட்டம் என்பதால் அந்தக் கோடு பொருத்தமானதுதான். ஆனால் முப்பது ஆண்டு கொட்டகையில் கிடந்த வண்டி எந்த ஆண்டில் பிறந்தது என்று யார் சொல்வது? ஆலைப் பதிவேடுகள் பலவற்றுக்கு இல்லை. கம்பெனிகள் பாதி மூடப்பட்டுவிட்டன. ஒரு வண்டியின் சட்டகம், வேறொன்றின் எஞ்சின், மூன்றாவதின் அச்சு என்று சேர்ந்தவையும் வந்தன. வண்டிகளை ஆராய்ந்து ஆண்டைத் தீர்மானிக்க ஒரு குழு ஏற்பட்டது. அது தரும் சான்றிதழ் ஒரு வண்டியின் ஜாதகம் மாதிரி. 1904 என்று எழுதினால் பிரைட்டனுக்குப் போகலாம், 1905 என்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். பின்னாளில் விலையும் இந்த ஓர் ஆண்டு வித்தியாசத்தில் பல மடங்கு ஏறி இறங்கியது.

வண்டிகளை ஓட்டுவது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டத்தின் உண்மையான சுவை அதில்தான் இருக்கிறது. இன்றைய கார் ஓட்டுநருக்குத் தெரிந்த எதுவும் இவற்றில் உதவாது. மிகப் பழையவற்றில் வட்டமான ஸ்டியரிங்கே கிடையாது. படகுச் சுக்கான் போல ஒரு நீண்ட கைப்பிடி. எஞ்சினில் தீப்பொறிக்குப் பதில் பழுக்கக் காய்ச்சிய பிளாட்டினக் குழாய். அதைச் சூடாக்க எந்நேரமும் எரியும் சிறு விளக்கு. காற்றடித்தால் விளக்கு அணையும், எஞ்சினும் நிற்கும். கார்புரேட்டர் சிலவற்றில் வெறும் பெட்ரோல் தொட்டி. அதன் மேல் காற்று தவழ்ந்து ஆவியை அள்ளிக்கொண்டு போகும். குளிர்ந்த காலைகளில் ஆவி எளிதில் எழாது. நவம்பர் மாதத்து லண்டன் விடியலோ குளிருக்குக் கேட்க வேண்டாம். ஹேண்டிலைச் சுழற்றும்போது எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். எண்ணெய் தானாகச் சுற்றாது. சொட்டுக் குழாய்களைப் பார்த்துப் பார்த்துத் திறந்துவிட வேண்டும்.

நிறுத்துவது இன்னும் கடினம். பிரேக் என்பது பின்சக்கரத்திலோ அச்சிலோ அழுத்தும் கட்டையோ பட்டையோதான். முன்சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. ஏற்றத்தில் எஞ்சின் திணறி வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால் அந்தப் பிரேக் தாங்காது. அதற்காகவே பல வண்டிகளின் அடியில் ஓர் இரும்புக் கம்பி தொங்கும். அதைத் தரையில் இறக்கிவிட்டால் மண்ணில் குத்தி வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தும். இறக்க மறந்து, வண்டி உருளத் தொடங்கிய பிறகு இறக்கினால், கம்பியின் மேலேயே வண்டி ஏறிக் கவிழும் அபாயம் உண்டு. லியோன் பொல்லே வண்டியில் வேறொரு விசேஷம். ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், முன்னால் இரு சக்கரம், பின்னால் ஒன்று. ஓட்டுநர் பின்னாலும் விருந்தினர் முன்னாலும் உட்கார வேண்டும். மோதினால் முதலில் அடிபடுபவர் விருந்தினர். ‘மாமியாரை ஒழிக்கும் வண்டி’ என்று பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கேலி செய்தார்கள்.

நீராவிக் கார்களும் மின்சாரக் கார்களும் பெட்ரோல் கார்களோடு சேர்ந்தே இந்த ஓட்டத்தில் வருகின்றன. 1900 வாக்கில் மூன்றில் எது வெல்லும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. நீராவிக் கார் சத்தமில்லாமல், கியர் மாற்றாமல், ஏற்றத்தை அலட்சியமாக ஏறும். ஆனால் புறப்படுமுன் பாய்லரைச் சூடேற்ற வேண்டும், வழியில் அடிக்கடி தண்ணீர் பிடிக்க வேண்டும். மின்சாரக் கார் எல்லாவற்றிலும் எளிது. ஆனால் மின்கலம் தீர்ந்தால் அவ்வளவுதான். பெட்ரோல் கார் நாற்றமும் இரைச்சலும் பிடிவாதமும் உடையது. அதுதான் வென்றது.

வெட்டரன் கார் கிளப்பின் வெற்றி அடுத்த தலைமுறைக் கார்களின் பக்கமும் கண்ணைத் திருப்பியது. 1934-இல் அதிக வசதியில்லாத இளைஞர்கள் சிலர் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பைத் தொடங்கினார்கள். 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளே அவர்களுக்கு வண்டிகள். அதற்குப் பிறகு வந்தவை மலிவான அள்ளித்தெளிப்பு வேலை என்பது அவர்கள் கட்சி. சில வயதே ஆன காரைப் பொற்காலத்துச் சின்னம் என்று கொண்டாடியது அப்போது விசித்திரமாகத்தான் பட்டிருக்கும். 1904 வரை வெட்டரன், 1918 வரை எட்வர்டியன், 1919 முதல் 1930 வரை விண்டேஜ் என்ற பாகுபாடு இந்த இரு கிளப்புகளின் வழியே பரவியது. பிரைட்டன் ஓட்டத்தில் விண்டேஜ் கார் எதுவும் கலந்துகொள்வதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அவ்வளவு புதிய வண்டிக்கு அங்கே இடமில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஓட்டம் நின்றது. 1946-இல் மீண்டது, 1947-இல் பெட்ரோல் ரேஷனால் மறுபடியும் நின்றது. ரேஷனும் தட்டுப்பாடுமாகச் சலித்துக் கிடந்த பிரிட்டனில் இந்த ஓட்டத்தை உலகறியச் செய்தது ஒரு சினிமா. 1953-இல் வெளிவந்த ‘ஜெனிவீவ்’ படத்தை ஹென்றி கார்னீலியஸ் இயக்கினார். இரு நண்பர்கள் தங்கள் பழைய கார்களில் மனைவி, காதலியோடு பிரைட்டன் போகிறார்கள். திரும்பும்போது யார் முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் சேர்வது என்று பந்தயம் கட்டுகிறார்கள். கதை அவ்வளவுதான். ஓட்டம் பந்தயமல்ல என்று அமைப்பாளர்கள் ஆண்டுதோறும் சொல்லிவந்ததற்கு நேர் எதிரான கதை. ஜான் கிரெக்சன், டைனா ஷெரிடன், கென்னத் மோர், கே கென்டல் ஆகியோர் நடித்தார்கள். கதாநாயகன் கிரெக்சனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. 1904-ஆம் ஆண்டு டராக் காரில் படப்பிடிப்பின்போதே கற்றுக்கொண்டார். லாரி ஆட்லரின் மவுத்-ஆர்கன் இசை படத்தின் உயிர். கம்யூனிஸ்ட் வேட்டையின் கறுப்புப் பட்டியலில் ஆட்லர் இருந்ததால் அமெரிக்கப் பிரதிகளிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. ஆஸ்கர் பரிந்துரையும் இசைக் குழுவை நடத்திய மியூர் மாத்திசன் பெயரில் போயிற்று.

படத்துக்குப் பிறகு பழைய கார் பொழுதுபோக்கின் முகமே மாறிவிட்டது. கிளப்பில் சேர ஆட்கள் வந்தார்கள், விலைகள் ஏறின, கேலி மறைந்தது. ஜெனிவீவ் என்ற டராக், 1940-களில் கிழக்கு லண்டனில் குப்பையாகக் கிடந்து மீட்கப்பட்ட வண்டி. 1950-களின் இறுதியில் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, 1990-களில் ஐரோப்பா திரும்பியது. இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள லௌமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் அதற்குப் போட்டியாக வந்த ஸ்பைக்கர் நெதர்லாந்தில் செய்யப்பட்ட வண்டி.

பணம் புகுந்ததன் விளைவு இரண்டு பக்கமும் உண்டு. ஒரு காலத்தில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தவை இன்று ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக லண்டனில் நடக்கும் ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகின்றன. டேவிஸின் நண்பர்களைப் போன்ற இளைஞர்கள் தங்கள் சம்பளத்தில் வாங்கி ஓட்டிய நிலை இனி இல்லை. ஆனால் அந்த விலை இருப்பதால்தான் அச்சு ஒடிந்தாலும், சிலிண்டர் விரிசல் விட்டாலும், வரைபடத்தைப் பார்த்துப் புதிதாக வார்த்துக் கொடுக்கும் பட்டறைகள் பிழைக்கின்றன. காட்சிக்கூடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்கு அந்தப் பட்டறை தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை 60 மைல் ஓடியே ஆக வேண்டிய வண்டிக்குத் தேவை.

இன்றைய நிகழ்ச்சியின் நடைமுறை பெரும்பாலும் மாறாதது. ஹைட் பூங்காவில் புறப்படுமுன் ஒரு சிவப்புக் கொடி கிழிக்கப்படுகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலம், பிரிக்ஸ்டன், குராய்டன், ரெட்ஹில் வழியாகப் பாதை தெற்கே இறங்குகிறது. கிராலி ஊரில் இளைப்பாறல். பிறகு நெடுஞ்சாலையின் நெரிசலை விட்டு ஸ்டேபிள்ஃபீல்ட், கக்ஃபீல்ட் கிராமங்கள் வழியே கிளேட்டன் ஏற்றம் கடந்து பிரைட்டன். முடிவிடம் கடலோரத்து மடீரா டிரைவ். 2020-இல் கொரோனாவால் ஓட்டம் நடக்கவில்லை. மறு ஆண்டு தொடர்ந்தது.

வண்டிகள் எந்த வரிசையில் போய்ச் சேர்ந்தன என்பதை அமைப்பாளர்கள் வெளியிடுவதில்லை. மாலை 4:30-க்குள் பிரைட்டனை அடையும் வண்டிகளுக்கெல்லாம் ஒரே மாதிரிப் பதக்கம்.